கடைசி நேரத் தள்ளுபடி டிக்கெட்: சீசன் டிக்கெட் வாங்கியவருக்கு என்ன மரியாதை?

#1 மூலைக்கொடி

சனிக்கிழமை கால்பந்து ஆட்டத்தில் என் பக்கத்து இருக்கையில் ஒரு புதியவர் வந்து உட்கார்ந்தார். இந்த சீசன் முழுக்க அது காலியாகவே கிடந்த இருக்கை. பேச்சுக் கொடுத்தேன். இரண்டு நாள் முன்னால் கிளப்பிலிருந்து மின்னஞ்சல் வந்ததாம், ஒரு டிக்கெட் வாங்கினால் இன்னொன்று இலவசம் என்று. தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். சீசனின் உள்ளூர் ஆட்டங்களுக்கெல்லாம் மொத்தமாக எடுத்த என் சீசன் டிக்கெட் தொகையை ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதைவிட, அவர்கள் தலைக்குக் கொடுத்தது குறைவு. கொஞ்சநஞ்சம் இல்லை, நன்றாகவே குறைவு. நான் பணம் கட்டியது சீசன் தொடங்க மூன்று மாதம் இருக்கும்போது. அணியில் யார் இருப்பார்கள், யார் போவார்கள் என்றுகூட அப்போது தெரியாது. முன்பணம் கட்டினால் மலிவு என்று சொல்லித்தான் எங்களிடம் வாங்கினார்கள்.

அந்த மனிதர் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. நல்லவர். இரண்டாம் பாதியில் எங்களோடு சேர்ந்து தொண்டை கிழியப் பாடினார். காலியாக இருந்த இடத்தில் ஒரு குரல் கூடியது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பத்து வருடம் மழையிலும் தோல்வியிலும் வந்தவனிடம் முழு விலை, வராமல் இருந்தவனுக்குச் சலுகை என்றால், கிளப் எதற்குப் பரிசு கொடுக்கிறது? வந்ததற்கா, வராததற்கா?

தள்ளுபடியே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை யாருக்கு, எப்போது, எந்த விலைக்குக் கீழே போகாமல் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

#2 பக்கக்கோடு

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் கிளப்பின் பக்கத்திலிருந்தும் பாருங்கள். முதல் விசில் ஊதியதும் விற்காத இருக்கையின் மதிப்பு பூஜ்யம். அதை எடுத்து வைத்து அடுத்த வாரம் விற்க முடியாது. விளக்கு, காவலர், துப்புரவு எல்லாச் செலவும் ஏற்கெனவே ஆகிவிட்டது. பாதி விலைக்கு ஒருவர் வந்தாலும் லாபம்தான். வந்தவர் உள்ளே டீ குடிப்பார், கழுத்தில் போடும் கிளப் துண்டு வாங்குவார்.

அப்புறம், காலி இருக்கை தொலைக்காட்சியில் தெரிந்தால் ஆட்டத்தின் களையே போய்விடும். வீரர்களுக்கும் அது தெரியும். ஒருவர் குறைந்த விலையில் உள்ளே வந்ததால் உங்கள் கையிலிருந்து எதுவும் போகவில்லையே?

#3 பழைய கவுன்டர்

பக்கக்கோடு சொல்வது ஓர் ஆட்டத்துக்குச் சரி. ஒரு சீசனுக்குச் சரியில்லை. நான் ஒரு கிளப்பின் டிக்கெட் பிரிவில் ஆறு வருடம் வேலை பார்த்தவன். பெயர் வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்து விற்பனையைத் தொகுதி தொகுதியாகப் பார்ப்போம். மூன்று நாள் இருக்கும்போது எண்ணிக்கை எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை என்றால், மேலே இருந்து ஒரு உத்தரவு வரும்: ஏதாவது சலுகை போடுங்கள். உடனே மின்னஞ்சல் பட்டியலை எடுப்போம். எந்தப் பட்டியல் தெரியுமா? முன்பு வந்து, கடைசி ஆறு மாதம் வராதவர்கள். சீசன் டிக்கெட்காரர்களின் பெயரைக் கவனமாக நீக்கிவிடுவோம். அவர்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. மூலைக்கொடி, உங்களுக்கு அந்த மின்னஞ்சல் வராததற்குக் காரணம் அதுதான். சலுகை இருக்கைகளையும் கேமராவுக்கு நேர் எதிரே உள்ள தொகுதியில்தான் முதலில் திறப்போம்.

முதல் வருடம் நன்றாக வேலை செய்தது. இரண்டாம் வருடம் முழு விலைக்கு முன்கூட்டியே விற்பது மெதுவானது. மூன்றாம் வருடம் ஜன்னலில் வந்து நின்றவர்கள் நேராகவே கேட்டார்கள், "ஆஃபர் எப்ப வரும்?" என்று. நாங்களே அவர்களைக் காத்திருக்கப் பழக்கிவிட்டோம். சீசன் டிக்கெட் புதுப்பிக்கும் மாதத்தில் அதன் முழு வலியும் தெரிந்தது. இருபது வருடமாக ஒரே இருக்கையில் உட்கார்ந்த ஒரு பெரியவர் வந்து, "இனிமே பிடிச்ச ஆட்டத்துக்கு மட்டும் வரேன் தம்பி, அதுதான் மலிவா இருக்கு" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

இலவச டிக்கெட் கதை தனி. இலவசமாகக் கொடுத்ததில் பெரிய பங்கு வாசலில் ஸ்கேன் ஆகவே ஆகாது. மழை தூறினால் வரமாட்டார்கள். எடுத்ததற்கு ஒன்றும் கொடுக்கவில்லை, அதனால் இழப்பதற்கும் ஒன்றுமில்லை. கணக்கில் இருக்கை விற்றாகிவிடும், கேலரியில் காலியாகவே இருக்கும். வர ஆசைப்பட்ட வேறு ஒருவருக்கும் அது கிடைக்காது.

#4 தெற்குக் கேலரி

பழைய கவுன்டர் அண்ணே, இதை விரிவாக எழுதியதற்கு நன்றி.

எனக்கு இதில் ஒரே ஒரு உதாரணம் போதும்: பிராட்ஃபோர்ட் சிட்டி. இங்கிலாந்தின் முதல் நிலையான பிரீமியர் லீகில் இருந்து சரிந்து, 2007-ல் நான்காம் நிலைக்கே இறங்கிய கிளப். அந்த நிலையில் யாராயிருந்தாலும் ஆட்டத்துக்கு ஆட்டம் சலுகை போட்டுத் தள்ளாடியிருப்பார்கள். அவர்கள் சீசன் டிக்கெட்டையே 138 பவுண்டுக்குக் கொடுத்தார்கள். பிறகு 2015-16 சீசனுக்கு 149 பவுண்ட். மூன்றாம் நிலையில் ஆடிய அணிக்கு அந்த சீசனில் சராசரியாக ஏறத்தாழ 18 ஆயிரம் பேர் வந்தார்கள். மைதானத்தின் கொள்ளளவே 25 ஆயிரம்தான். 23 உள்ளூர் ஆட்டம் என்று வைத்து வகுத்துப் பாருங்கள், ஓர் ஆட்டத்துக்கு 6 பவுண்ட் 50 பென்ஸ்கூட வராது.

இதில் எனக்குப் பிடித்தது அதன் நேர்மை. விலை குறைவு, ஆனால் எல்லாருக்கும் குறைவு, முதல் நாளிலேயே குறைவு. சீக்கிரம் வந்தவன் ஏமாறவில்லை, தாமதமாக வந்தவன் லாபம் பார்க்கவும் இல்லை.

இன்னொரு இங்கிலாந்து கிளப்பான ஹடர்ஸ்ஃபீல்டையும் சொல்ல வேண்டும். 2017-ல் பிரீமியர் லீகுக்கு ஏறியபோது, பல வருடம் விடாமல் சீசன் டிக்கெட் வைத்திருந்தவர்களுக்கு 100 பவுண்டுக்கு அந்த சீசனைக் கொடுத்தார்கள். முன்பே கொடுத்திருந்த வாக்கு அது. மேலே ஏறிய உடனே விலையை ஏற்றாமல், கீழே இருந்தபோது கூட நின்றவர்களைத் தேடிக் கொடுத்தார்கள். மூலைக்கொடி கேட்ட "எதற்குப் பரிசு" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

#5 கூடுதல்நேரம்

நல்ல உதாரணங்கள். ஆனால் எல்லா கிளப்பும் அதைச் செய்ய முடியாது. பிராட்ஃபோர்டுக்குப் பெரிய மைதானம் ஏற்கெனவே இருந்தது, நிரப்ப ஆள் வேண்டியிருந்தது. ஐயாயிரம் இருக்கை மட்டும் உள்ள, தொலைக்காட்சிப் பணம் வராத ஒரு சின்ன கிளப்புக்கு வாசல் வசூல்தான் சம்பளம். அவர்களிடம் போய் பாதியாகக் குறை என்றால் கதவைச் சாத்திவிட்டுப் போக வேண்டியதுதான்.

மாறாக உச்சியில் இருக்கும் கிளப்புகளைப் பாருங்கள். அவர்களுக்கு ஒளிபரப்பு உரிமையிலிருந்தும் விளம்பரதாரரிடமிருந்தும் வரும் பணத்துக்கு முன்னால் சாதாரண கேலரி டிக்கெட்டின் வருமானம் சின்னது. ஜெர்மனியின் பாயர்ன் மியூனிக் இதைப் புரிந்துகொண்ட கிளப். நின்று பார்க்கும் இடத்துக்கான அவர்களுடைய சீசன் டிக்கெட் பல ஆண்டுகள் 140 யூரோ அளவிலேயே இருந்தது. அதை இரட்டிப்பாக்கினாலும் கிளப்பின் மொத்த வருமானத்தில் அது ஒரு துளிதான். ஆனால் அந்தக் கேலரியின் சத்தம் போய்விட்டால், ஒளிபரப்புக்காரர் வாங்குவதற்கு என்ன மிஞ்சும்?

இன்னொரு ஜெர்மன் கிளப்பான டார்ட்மண்டின் தெற்குக் கேலரியில் 24 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நின்று பார்க்கிறார்கள். அங்கே இருக்கை போட்டு விலையை ஏற்றினால் ஆட்களும் குறைவார்கள், மஞ்சள் உடையில் நிற்பதால் 'மஞ்சள் சுவர்' என்று பெயர் பெற்ற அந்தக் கூட்டமும் இருக்காது. ஆக, விலையைக் குறைக்க முடிந்தவர்கள் பலர் குறைப்பதில்லை, குறைக்க முடியாதவர்கள் கடைசி நேரத்தில் சலுகை போட்டு அல்லாடுகிறார்கள். என் ஆதங்கம் அதுதான்.

#6 மூலைக்கொடி

கூடுதல்நேரம், எங்கள் கிளப் நீங்கள் சொல்லும் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மைதானத்தில் மூன்றில் ஒரு பங்கு காலி. பெரிய ஆட்டத்துக்கு மட்டும் நிரம்பும், அன்று விலையும் ஏறும். சின்ன ஆட்டத்துக்குச் சலுகை. சீசன் டிக்கெட்காரன் இரண்டுக்கும் சேர்த்துக் கட்டியிருக்கிறான்.

பழைய கவுன்டர் சொன்னதில் எங்கள் பெயர்களைப் பட்டியலிலிருந்து நீக்குவார்கள் என்ற ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை.

#7 வலைக்காவலன்

சின்ன ஆட்டம், பெரிய ஆட்டம் என்று பிரித்து விலை வைப்பதில்தான் பாதிக் கோளாறு. எதிரணி யார் என்பதற்காக ஒரே இருக்கைக்கு இரண்டு மடங்கு கேட்கிறார்கள். வெளியூர் ரசிகர்களுக்கு இது எவ்வளவு சுட்டது என்பதற்கு 2013 ஜனவரி ஒரு சாட்சி. ஆர்சனல் மைதானத்தில் ஆட வந்த மான்செஸ்டர் சிட்டிக்கு ஒதுக்கிய மூவாயிரம் டிக்கெட்டில் 912 விற்காமல் திரும்பிப் போயின. விலை 62 பவுண்ட். சிட்டி அப்போது நடப்புச் சாம்பியன். ஆட்டம் பிடிக்காமல் யாரும் வராமல் இருக்கவில்லை.

அதிலிருந்துதான் வெளியூர் ரசிகருக்கு 20 பவுண்ட் போதும் என்ற இயக்கம் வேகம் பிடித்தது. மூன்று வருடம் விடாமல் கேட்டார்கள். 2016-17 சீசனிலிருந்து பிரீமியர் லீகில் வெளியூர் டிக்கெட்டுக்கு 30 பவுண்ட் உச்சவரம்பு வந்தது. கேட்டது இருபது, கிடைத்தது முப்பது. ஆனாலும் வருடக்கணக்காக அது அதே முப்பதில் நிற்கிறது. விலைவாசி ஏறியதைக் கணக்கில் எடுத்தால் உண்மையில் அது குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபாவும் பிறகு வெளியூர் ரசிகருக்கு வரம்பு வைத்தது: அது நடத்தும் சாம்பியன்ஸ் லீகில் 2019-ல் 70 யூரோ, 2024-25-ல் 60, அடுத்த சீசனில் 50.

2016 பிப்ரவரியை நான் மறக்கவே மாட்டேன். அடுத்த சீசனில் முக்கிய ஸ்டாண்டில் 77 பவுண்ட் டிக்கெட் வரும் என்று லிவர்பூல் அறிவித்திருந்தது. சண்டர்லண்டுக்கு எதிரான ஆட்டத்தில் 77-வது நிமிடம் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். அப்போது லிவர்பூல் 2-0 முன்னிலை. அவர்கள் போன பிறகு ஆட்டம் 2-2 என்று முடிந்தது. நான்கு நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, உச்ச விலையை 59 பவுண்டிலேயே இரண்டு சீசனுக்கு நிறுத்திவைத்தார்கள். அதே வாரத்தில்தான் ஜெர்மனியில் டார்ட்மண்ட் ரசிகர்கள் ஷ்டுட்கார்ட் மைதானத்தில் டிக்கெட் விலையை எதிர்த்து டென்னிஸ் பந்துகளைக் களத்துக்குள் வீசினார்கள்.

நான் இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், சலுகை கிளப்பின் மனம் போல வந்து போகும். வரம்பு என்பது ரசிகர்கள் கேட்டு வாங்கியது. அதை எடுக்க வேண்டும் என்றால் யாராவது பகிரங்கமாக வந்து எடுக்க வேண்டும். எனக்கு வரம்புதான் வேண்டும்.

#8 பதினொன்றாவது ஆள்

தேவைக்கேற்ப மாறும் விலை பற்றி யாரும் பேசவில்லையே. இனி வரப்போவது அதுதான். விமான டிக்கெட் போல மணிக்கு மணி விலை மாறும் முறை.

2025 கிளப் உலகக் கோப்பையில் செல்சி - ஃப்ளூமினென்சே அரையிறுதியின் ஆரம்ப விலை டிக்கெட் 473 டாலர் 90 சென்டில் இருந்தது. ஆட்டம் நெருங்கியபோது 13 டாலர் 40 சென்டுக்கு வந்தது. அதே தொடரின் தொடக்க ஆட்டத்துக்கு மியாமியில் கல்லூரி மாணவர்களுக்கு 20 டாலருக்கு ஒரு டிக்கெட், அதோடு நான்கு பேர் வரை இலவசம் என்று கொடுத்தார்கள். அந்த அரையிறுதிக்கு நம்பி முதலிலேயே எடுத்தவர் என்ன பாவம் செய்தார்? அணி அரையிறுதிக்கு வந்த மகிழ்ச்சியில் சேமிப்பிலிருந்து எடுத்து நானூறு டாலர் கொடுத்த ஒரு தகப்பனை நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு சாப்பாட்டுக் காசில் வந்திருப்பார்.

2026 உலகக் கோப்பைக்கும் இதே முறையைக் கொண்டுவந்து, ரசிகர் அமைப்புகள் கொதித்த பிறகு, 2025 டிசம்பரில் பங்கேற்கும் நாடுகளின் தீவிர ரசிகர்களுக்கென்று 60 டாலர் டிக்கெட் ஒரு சின்ன ஒதுக்கீடாக வந்தது. வலைக்காவலன் சொல்வதுதான். கேட்டதால் வந்தது.

#9 முதல்விசில்

இங்கே எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். நான் நீங்கள் எல்லாரும் பேசும் அந்தச் சலுகை ஆள்.

மூன்று வருடம் முன்பு வேலைக்காகப் புது ஊருக்கு வந்தேன். யாரையும் தெரியாது. அலுவலகத்தில் ஒருவர் அனுப்பிய சலுகை இணைப்பில் பாதி விலைக்கு ஒரு டிக்கெட் எடுத்தேன். முழு விலை என்றால் கண்டிப்பாகப் போயிருக்க மாட்டேன். அன்று அணி தோற்றது, அதுவும் கேவலமாகத் தோற்றது. ஆனால் கடைசி பத்து நிமிடம் பின்னால் இருந்தவர்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள். தோற்கும்போது எதற்குப் பாடுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அடுத்த ஆட்டத்துக்குப் போனேன். அடுத்தது, அதற்கடுத்தது. இப்போது என்னிடம் சீசன் டிக்கெட் இருக்கிறது. முழு விலை. மகளுக்கும் ஒன்று.

தள்ளுபடி இல்லை என்றால் நான் இன்றும் தொலைக்காட்சியில்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். மூலைக்கொடி ஐயா, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்த அந்தப் புதியவரும் தம்பியும் என்னைப் போல ஆகலாம். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நான் சீசன் டிக்கெட் எடுத்த பிறகு எனக்கு அந்த மின்னஞ்சல்கள் வருவது நின்றுவிட்டது. ஏன் என்று இன்றுதான் தெரிந்தது. கொஞ்சம் வலிக்கிறது.

#10 மூலைக்கொடி

முதல்விசில், தயங்காமல் எழுதியதற்கு நன்றி. ஐயா எல்லாம் வேண்டாம், அண்ணன் போதும்.

நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு என் முதல் பதிவை மறுபடி வாசித்தேன். "வராததற்குப் பரிசு" என்று எழுதியது தப்பு. வராதவர் வேறு, இன்னும் வந்தே பார்க்காதவர் வேறு. முதல் தடவை வருபவருக்குக் குறைந்த விலை கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. என்னையும் முதல் ஆட்டத்துக்குச் சித்தப்பா தன் காசில்தான் கூட்டிப்போனார். எனக்கு அன்று விலையே தெரியாது. ஒரு வகையில் அதுவும் இலவச டிக்கெட்தான், கொடுத்தது கிளப் இல்லை, குடும்பம்.

அப்படிப் பார்த்தால் புதியவரைக் கூட்டி வருவது எங்கள் வேலையாகத்தானே இருக்க வேண்டும்? அந்தச் சலுகையை எங்கள் கையில் கொடுத்தால் என்ன?

#11 பக்கக்கோடு

இதை நான் யோசிக்கவில்லை. நல்ல யோசனை. இலவசமாக வருபவர் வராமல் போகும் சிக்கலும் குறையும். மாமன் கூப்பிட்டால் மழைக்குப் பயந்து யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள்.

இலவசம் என்றாலே வீண் என்றும் முடிவுகட்ட வேண்டாம். ஜெர்மனியின் இரண்டாம் நிலையில் ஆடிய ஃபோர்ச்சுனா டுசல்டார்ஃப், விளம்பரதாரர்களின் பணத்தில் சில உள்ளூர் ஆட்டங்களை எல்லாருக்கும் இலவசமாக்கியது. 2023 அக்டோபரில் கைசர்ஸ்லாட்டர்னுக்கு எதிராக முதல் இலவச ஆட்டம். டிக்கெட் கேட்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்ததால் குலுக்கலில் கொடுத்தார்கள். 0-3 என்று பின்தங்கியிருந்து 4-3 என்று வென்றார்கள். அன்று முதல்முறை வந்த ஒரு குழந்தை வாழ்நாளில் அந்த மைதானத்தை விடுமா?

#12 பழைய கவுன்டர்

டுசல்டார்ஃபில் அது எடுபட்டதற்குக் காரணம், சீசன் தொடங்கும் முன்பே திட்டத்தை அறிவித்தார்கள், இருக்கைக்கான பணத்தை வேறு ஒருவர் கிளப்புக்குக் கட்டினார். வியாழக்கிழமை பதற்றத்தில் அனுப்பும் மின்னஞ்சலோடு அதை ஒப்பிட முடியாது.

மூலைக்கொடி கேட்டதற்கு வருகிறேன். விருந்தினர் டிக்கெட் முறை நடக்கக்கூடியதுதான். சீசன் டிக்கெட்காரர் ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு இரண்டு அல்லது மூன்று, காலி அதிகமாக இருக்கும் ஆட்டங்களுக்கு மட்டும். விருந்தினர் பெயர் பதிவாக வேண்டும். கிளப்புக்கு அதில் ஒரு லாபம் உண்டு: புதியவரின் தொடர்பு கிடைக்கும், அவரைக் கூட்டி வந்தவர் யார் என்றும் தெரியும். வெளியே விற்றுவிடுவார்களே என்று கேட்பார்கள். வாசலில் இருவரும் சேர்ந்துதான் நுழைய வேண்டும் என்று வைத்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

நீங்கள் நிர்வாகத்திடம் போனால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். "சலுகை விலைக்கும் எங்கள் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பணமாகத் திருப்பிக் கொடு" என்று கேட்காதீர்கள். கணக்குப் பிரிவு அந்த வரியைப் பார்த்ததும் கடிதத்தை மூடிவிடும். அதற்குப் பதிலாக, எந்தச் சலுகையும் சீசன் டிக்கெட்டின் ஓர் ஆட்ட விலைக்குக் கீழே போகக் கூடாது என்று கேளுங்கள். கிளப்புக்கு இதில் கைக்காசு செலவில்லை. அப்படி ஒரு குறைந்தபட்ச விலை இருந்தால் முன்பணம் கட்டியவர் ஒருபோதும் ஏமாற மாட்டார். சிறுவர், மாணவர், மூத்தோர், உடல் ஊனமுற்றவரோடு துணைக்கு வருபவர் இவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு, அது வருடம் முழுக்க நிரந்தரம்.

விதிவிலக்கை அழுத்திச் சொல்லுங்கள். நெருக்கடி வந்தால் முதலில் வெட்டுவது அதைத்தான். மான்செஸ்டர் யுனைடெட் 2024 நவம்பரில், சீசன் நடுவிலேயே, மீதமிருந்த உறுப்பினர் டிக்கெட் எல்லாவற்றையும் 66 பவுண்ட் ஆக்கியது. குழந்தைக்கும் அதே, ஓய்வூதியக்காரருக்கும் அதே. அதற்கு முன் பெரியவர்களுக்கே 40 பவுண்டில் தொடங்கியது.

#13 தெற்குக் கேலரி

இன்னொன்று சேர்க்கலாம். வர முடியாத ஆட்டத்துக்கு நம் இருக்கையை கிளப்பிடமே திருப்பிக் கொடுக்க வழி வேண்டும். அடக்க விலைக்கு வேறு ஒருவருக்கு விற்று, நம் கணக்கில் வரவு வைக்கட்டும். சீசன் டிக்கெட் எடுத்த பலர் வராமல் இருக்கைகள் காலியாகக் கிடக்கின்றன. அதற்குப் பக்கத்திலேயே சலுகை விலைக்கு வேறு இருக்கை விற்கிறார்கள். போன மாதம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் நான் இரண்டு ஆட்டம் போகவில்லை. என் இருக்கை சும்மா கிடந்ததை நினைத்தால் இப்போதும் மனசு கேட்கவில்லை.

#14 மூலைக்கொடி

சரி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கடிதம் எழுதிவிட்டேன். அடுத்த மாதம் ரசிகர் மன்றத்துக்கும் நிர்வாகத்துக்கும் சந்திப்பு இருக்கிறது, அங்கே நேரில் கொடுக்கப் போகிறேன். முக்கியமான பகுதியை மட்டும் இங்கே போடுகிறேன்.

"நிர்வாகத்துக்கு வணக்கம். காலி இருக்கைகளை நிரப்ப நீங்கள் எடுக்கும் முயற்சியை நாங்கள் எதிர்க்கவில்லை. புதியவர்கள் வருவதில் எங்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் சீசனுக்கு முன்பே பணம் கட்டியவரைவிடக் கடைசி வாரத்தில் வாங்குபவர் குறைவாகக் கொடுக்கும் நிலை இரண்டு வருடமாக நடக்கிறது. அந்தச் சலுகை பற்றிய செய்தி எங்களுக்கு மட்டும் அனுப்பப்படுவதில்லை.

சீசன் டிக்கெட்டின் ஓர் ஆட்ட விலைக்குக் கீழே எந்தப் பொதுச் சலுகையும் வேண்டாம். சிறுவர், மாணவர், மூத்தோர், உடல் ஊனமுற்றோரின் துணைவர் ஆகியோருக்கான குறைந்த விலை எல்லா ஆட்டத்துக்கும் நிரந்தரமாக இருக்கட்டும். ஒவ்வொரு சீசன் டிக்கெட்டுக்கும் வருடத்துக்கு மூன்று விருந்தினர் டிக்கெட் கொடுங்கள், புதியவர்களை நாங்கள் கூட்டி வருகிறோம். வர முடியாத ஆட்டத்துக்கு இருக்கையைத் திருப்பிக் கொடுக்க வழி செய்யுங்கள். எந்தச் சலுகை அறிவித்தாலும் அதை எங்களுக்கும் அனுப்புங்கள்."

பெயர்களை நீக்கும் விஷயத்தை நேரடியாக எழுதலாமா என்று யோசித்தேன். அந்தக் கடைசி வரி போதும் என்று தோன்றியது. திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

#15 கூடுதல்நேரம்

"வர முடியாத ஆட்டத்துக்கு" என்ற இடத்தில் எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதுங்கள். 48 மணி நேரம் என்று போட்டால் அவர்களுக்கு விற்க அவகாசம் கிடைக்கும். இல்லையென்றால் அதையே காரணம் காட்டி மறுப்பார்கள்.

அப்புறம், பெரிய ஆட்டம் சின்ன ஆட்டம் என்ற பிரிவைக் கடிதத்தில் தொடவே இல்லை. வேண்டுமென்றே விட்டீர்களா?

#16 மூலைக்கொடி

48 மணி நேரம் சேர்த்துவிட்டேன். அந்தப் பிரிவை வேண்டுமென்றேதான் விட்டேன். அதில் வெளியூர் ரசிகர்களின் விலையும் வருகிறது, அதை எதிரணிகளின் மன்றங்களோடு சேர்ந்து கேட்டால்தான் பலம். வலைக்காவலன், அதற்கு நீங்கள் ஒரு கடிதம் எழுத முடியுமா? சந்திப்புக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

#17 வலைக்காவலன்

எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கேயே போடுகிறேன். மூன்று கிளப்பின் ரசிகர் மன்றங்களில் எனக்குப் பழக்கமானவர்கள் இருக்கிறார்கள், அவர்களையும் படிக்கச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வடக்குக் கேலரி, வரிசை 14.

#18 முதல்விசில்

அண்ணா, என் பெயரும், மகள் பெயரும்.